இலகு கட்டமைப்புகள்: எடையைக் குறைத்தால் முதலில் எது உடையும்?

குளிர்பானம் குடித்து முடித்த காலி அலுமினிய டப்பா ஒன்றை நசுங்காமல் எடுத்துத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். அதன் மேல் ஆட்டம் இல்லாமல், மெதுவாக ஒற்றைக் காலில் ஏறி நின்றால், சராசரி எடையுள்ள ஒருவரை அது தாங்கிவிடும். நின்றபடியே, பக்கத்தில் இருப்பவரை டப்பாவின் சுவரில் ஒரு குச்சியால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். அடுத்த கணம் டப்பா தட்டையாகிக் காலடியில் கிடக்கும். அதன் எடை சுமார் 13 கிராம். சுவரின் தடிமன் 0.1 மி.மீ., அதாவது நாம் அச்சடிக்கும் தாள் அளவுதான்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் சுவாரசியம் இன்னும் கூடும். 66 மி.மீ. விட்டமுள்ள அந்தச் சுவரைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் உலோகப் பரப்பு 20 சதுர மி.மீ. சொச்சம். அந்த அலுமினியக் கலவையின் வலிமையை இதோடு பெருக்கினால், டப்பா 500 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். மெல்லிய உருளை எந்தச் சுமையில் நெளிந்து மடங்கும் என்று சொல்லும் செவ்வியல் சூத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் போட்டால் விடை சுமார் 270 கிலோ. பல பத்தாண்டுப் பரிசோதனைகளிலிருந்து வந்த திருத்தக் காரணியை அதன் மேல் போட்டால் 105 கிலோ. குச்சியால் தட்டிய பிறகு எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஒரே டப்பா, மூன்று விடை. முதல் விடைக்கு உலோகம் மட்டும் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு வடிவமும் தெரிய வேண்டும். மூன்றாவதற்கு அந்த வடிவம் எவ்வளவு பிசகில்லாமல் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். கனமான கட்டமைப்புக்குப் பெரும்பாலும் முதல் கேள்வியோடு வேலை முடிந்துவிடும். எடையைச் சுரண்டச் சுரண்ட, கட்டமைப்பு உடைகிற விதமே மாறிக்கொண்டு போகும். பகுப்பாய்வு அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். இலகு கட்டமைப்புப் பொறியியல் என்று தனியாக ஒரு துறை இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பொருளை மாற்றினால் போதுமா?

எடை குறைய வேண்டுமென்றால் எஃகை விட்டுவிட்டு அலுமினியத்துக்கோ டைட்டானியத்துக்கோ மாறினால் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். எஃகின் யங் குணகம் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு) சுமார் 210 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7.85 டன். அலுமினியத்துக்கு 70, 2.7. டைட்டானியத்துக்கு 110, 4.5. மக்னீசியத்துக்கு 45, 1.74. ஒவ்வொன்றிலும் முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: 26.7, 25.9, 24.4, 25.9. நான்கு உலோகமும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நேராக இழுக்கப்படும் ஒரு கம்பி குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீளக் கூடாது என்பதுதான் உங்கள் தேவை என்றால், அதை எஃகில் செய்தாலும் அலுமினியத்தில் செய்தாலும் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்படியானால் விமானத்தை ஏன் அலுமினியத்தில் செய்தார்கள்? விமானத்தின் தோல் வெறும் கம்பி இல்லை; அது வளைகிற, நெளிகிற தகடு. தகடு வளைவதை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஒரே எடையில் எஃகுத் தகடும் அலுமினியத் தகடும் செய்தால், அலுமினியத் தகடு 2.9 மடங்கு தடிமனாக இருக்கும். அதன் மும்மடி ஏறத்தாழ 24. பொருளின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு என்பதால் மூன்றால் வகுத்தால் 8. ஆக, அதே எடைக்கு எட்டு மடங்கு விறைப்பு. அலுமினியம் இங்கே ஜெயித்ததற்குக் காரணம் அதன் பலம் இல்லை. அடர்த்தி குறைவாக இருப்பதால் தடிமனைத் தாராளமாக வைத்துக்கொள்ள முடிந்ததுதான். இதே தர்க்கத்தில் மரம் அலுமினியத்தையும் தாண்டும். இரண்டாம் உலகப் போரில் பறந்த டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ விமானத்தின் உடல், நடுவில் பல்சா மரமும் இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகையும் வைத்து ஒட்டியது. அதை உலோகப் பஞ்சக் காலத்துச் சமாளிப்பு என்று மட்டும் சொல்வது அநியாயம்.

கார்பன் ஃபைபர் கதை வேறு. இழை ஓடும் திசையில் அதன் குணகம் 130 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போகும், அடர்த்தியோ 1.6 டன்தான். வகுத்தால் 80-ஐத் தாண்டும். உலோகங்களைப் போல மூன்று மடங்கு. ஆனால் இழைக்குக் குறுக்கே இழுத்தால் வெறும் பசையின் பலம்தான் மிஞ்சும். அதற்காக அடுக்குகளை 0, 45, 90 பாகை என்று எல்லாத் திசைக்கும் சமமாகப் பரப்பி வைத்தால், குணகம் 50 ஜிகாபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். அதை 1.6-ஆல் வகுத்தால் 31. உலோகங்களின் 26-க்கும் இதற்கும் பெரிய தூரமில்லை! இப்படிச் செய்த பாகங்களைத் துறைக்குள் கிண்டலாகக் 'கருப்பு அலுமினியம்' என்பார்கள். எந்தத் திசையில் விசை ஓடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தத் திசையில் இழையை அடுக்கத் துணிந்தால்தான் கார்பன் ஃபைபரின் லாபம் கைக்கு வரும். பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பகுப்பாய்வு தொடங்கிவிட வேண்டியிருக்கிறது.

நடுவில் இருப்பதை வெளியே தள்ளு

25 மி.மீ. அகலமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள எஃகு ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் சுலபமாக வளையும். செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து வளைத்துப் பாருங்கள், அசையாது. கணக்குப்படி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 625 மடங்கு. ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை. இருக்கும் உலோகத்தை நடு அச்சிலிருந்து தள்ளி வைத்தோம், அவ்வளவுதான். ஐ வடிவ உத்திரமும் குழாயும் இந்த ஒரே உண்மையில் பிறந்தவை. 20 மி.மீ. விட்டமுள்ள திடக் கம்பியில் இருக்கும் உலோகத்தை 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குழாயாக மாற்றினால் வளைவு விறைப்பு 12 மடங்காகும். 100 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. சுவருமாக மாற்றினால் 50 மடங்கு.

சாண்ட்விச் பலகை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகிறது. 2 மி.மீ. அலுமினியத் தகட்டை இரண்டு 1 மி.மீ. தகடுகளாகப் பிரித்து, நடுவில் 20 மி.மீ. உயரத்துக்கு தேன்கூடு அறைகள் கொண்ட இலேசான நிரப்பியை வைத்து ஒட்டினால், எடை ஐந்தில் ஒரு பங்கு போலக் கூடும். வளைவு விறைப்போ 300 மடங்குக்கு மேல். மேல் தகடு அமுக்கத்தையும் கீழ்த் தகடு இழுவையையும் வாங்கிக்கொள்ள, நடுவில் இருப்பது அவை இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. (நிரப்பி கொஞ்சம் வழுக்க விடும் என்பதால் நிஜத்தில் முழு 300 மடங்கும் கிடைக்காது.) குறை இல்லாமல் இல்லை. மேல் தகடு தனியாக நெளியலாம், நிரப்பி நசுங்கலாம், பசை விடலாம். பசை விட்டதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்குவது. நாசாவின் எக்ஸ்-33 விண்கலத்துக்காகச் செய்த கார்பன் ஃபைபர் சாண்ட்விச் எரிபொருள் தொட்டி 1999 நவம்பரில் சோதனையில் பழுதானது அப்படித்தான். உள் தகட்டின் நுண்விரிசல்கள் வழியே தேன்கூட்டு அறைகளுக்குள் ஹைட்ரஜன் கசிந்திருந்தது. தொட்டியைக் காலி செய்து வெப்பம் ஏறியதும், உள்ளே சிக்கிய வாயுவின் அழுத்தம் வெளித் தகட்டையே பெயர்த்துவிட்டது.

அப்புறம், குழாயின் சுவரை எவ்வளவு தூரம் மெல்லியதாக்கலாம் என்ற கேள்வி வருகிறது. உறிஞ்சுகுழலை வளைத்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கொஞ்ச தூரம் அழகாக வளையும், பிறகு வட்டம் முட்டை வடிவமாகும், சட்டென்று ஒரு இடத்தில் மடிந்துவிடும். மூங்கில் இதைக் கணுக்களால் சமாளிக்கிறது. விமான உடலுக்குள் குறிப்பிட்ட இடைவெளியில் வைக்கும் வளையச் சட்டங்கள் கிட்டத்தட்ட அதே கணுக்கள்தான்.

நெளிதல் என்னும் திருடன்

மேலே சொன்ன எஃகு ஸ்கேலையே 30 செ.மீ. நீளத்தில் எடுத்துக்கொண்டு, மேசை மேல் நிறுத்தி உச்சியில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். அந்த எஃகு நசுங்க வேண்டுமென்றால் 600 கிலோவுக்கு மேல் தேவை. ஸ்கேல் வில்லாக வளைந்து விலகுவதற்கோ சுமார் 5 கிலோ போதும். பொறியாளர்கள் இதைப் பக்லிங் என்றே சொல்வார்கள். லியோனார்டு ஆய்லர் 1744-லேயே இதற்குச் சூத்திரம் கொடுத்துவிட்டார். அதில் பொருளின் வலிமை எங்குமே வராது. விறைப்பு, குறுக்குவெட்டின் வடிவம், நீளம், இவ்வளவுதான். விலை உயர்ந்த, இரண்டு மடங்கு வலிமையான எஃகில் ஸ்கேல் செய்தாலும் அதே 5 கிலோவில்தான் வளையும். நீளத்தைப் பாதியாக்கினால் நாலு மடங்கு தாங்கும். இந்த நாலு மடங்கை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு கூரை விழப்போகிறது.

ஸ்கேல் போன்ற ஒல்லிக் கம்பிகளுக்கு ஆய்லர் சொன்னது பரிசோதனையோடு ஒத்துப்போகிறது. உருளைகளுக்குத்தான் தகராறு. சூத்திரம் சொல்வதில் பாதிக்கும் குறைவான சுமையில், சில சமயம் கால்வாசியில், உருளைகள் நொடித்துப்போயின. அதுவும் ஒரே மாதிரி செய்த இரண்டு உருளைகள் இரண்டு வேறு சுமைகளில். டச்சுப் பொறியாளர் வார்னர் காய்ட்டர் 1945-ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதன் முடிச்சை அவிழ்த்தார். கச்சிதமான வளைபரப்பு பெரிய சுமையைத் தாங்கும். ஆனால் அந்த நிலை கத்தி முனையில் நிற்பது போன்றது. சுவரின் தடிமன் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருந்தால்கூடத் தாங்கும் சுமை சரசரவென்று விழும். டப்பாவைத் தட்டிய குச்சி செய்தது அந்தப் பள்ளத்தைத்தான். ஆய்வேடு டச்சு மொழியில் இருந்ததால் பரவலாகக் கவனம் பெறவே வெகு காலம் பிடித்தது.

ராக்கெட் கட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க முடியுமா? நாசா 1960-களில், கிடைத்த பரிசோதனைப் புள்ளிகளையெல்லாம் ஒரு படத்தில் போட்டு, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு இழுத்து, 'சூத்திரம் சொல்வதை இந்தக் காரணியால் குறைத்துக்கொள்' என்று வழிகாட்டி வெளியிட்டது. டப்பாவுக்கு நான் 270-ஐ 105 ஆக்கியது அந்தக் கோட்டை வைத்துத்தான். உயிர் காத்த கோடு, சந்தேகமில்லை. ஆனால் அன்றைய உற்பத்தித் துல்லியத்தையும் சோதனை முறையையும் சுமந்த கோடும் அதுவே. இன்றைய ராக்கெட் தொட்டிக்கு அது தேவையில்லாத எடையைச் சுமத்துகிறதோ என்று பார்க்க நாசா 2007-ல் தனித் திட்டம் தொடங்கியது. 2011 மார்ச்சில், 8.4 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட அலுமினிய-லித்தியம் உருளை ஒன்றை மார்ஷல் விண்வெளி மையத்தில் வேண்டுமென்றே நசுக்கினார்கள். சுவர் முழுக்கக் கருப்பு வெள்ளைப் புள்ளிகள் தீட்டி, ஒவ்வொரு புள்ளியும் நகர்வதைக் கேமராக்களால் அளந்தார்கள். நமது டப்பா விளையாட்டுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

எல்லா நெளிவும் நாசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹெர்பர்ட் வாக்னர் 1929-ல் காட்டியது இது: ஓரங்களில் சட்டம் பிடித்திருக்கும் மெல்லிய தகடு ஷியர் விசையில் (எதிரெதிர் ஓரங்களை எதிரெதிர்த் திசையில் வழுக்க வைக்கும் விசை) நெளிந்த பிறகும் சுமை தாங்கும். சாய்வாக ஓடும் சுருக்கங்கள் இழுவைப் பட்டைகளாக மாறி விசையைக் கடத்துகின்றன. பழைய விமானங்களின் தோலில் அந்தச் சாய்வுச் சுருக்கங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். பயப்படத் தேவையில்லை, அப்படி நெளியட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான தந்திரம் அட்லஸ் ராக்கெட்டில் இருந்தது. அதன் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி மிக மெல்லியது. உள்ளே வாயு அழுத்தம் இருக்கும் வரைதான் நிற்கும், பலூன் போல. 1963-ல் வாண்டன்பர்க் தளத்தில் அழுத்தம் இறங்கியபோது, மேலே ஏற்றியிருந்த பாகங்களோடு ஒரு அட்லஸ் அப்படியே மடிந்து உட்கார்ந்தது.

அமுக்காமல் இழு

நெளிதல் அமுக்கத்தில்தான் வருகிறது என்றால், எல்லாவற்றையும் இழுவையிலேயே வைத்துவிட்டால் என்ன? சைக்கிள் சக்கரம் அதைச் செய்கிறது. 2 மி.மீ. தடிமனும் 29 செ.மீ. நீளமும் உள்ள ஒரு ஆரக்கம்பி அமுக்கத்தில் 2 கிலோவைக்கூடத் தாங்காது. ஆனால் சக்கரம் கட்டும்போதே ஒவ்வொரு கம்பியையும் 100 கிலோ அளவுக்கு முறுக்கி இழுத்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அடியில் உள்ள கம்பிகளில் இழுவை கொஞ்சம் குறைகிறது. குறைந்தாலும் இழுவை இழுவைதான். கம்பி ஒருபோதும் அமுங்குவதில்லை.

ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ இதையே கட்டடங்களுக்குக் கொண்டு வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் வலைக்கூரையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் வடிவத்தை யாரும் இஷ்டத்துக்கு வரைந்துவிடவில்லை. கம்பிச் சட்டத்தைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால் பிடிக்கும் படலம் எந்த வடிவத்தை எடுக்குமோ, அந்த மாதிரி வடிவங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எல்லா இடத்திலும் சமமான இழுவை உள்ள பரப்பு அது. வடிவமும் விசையும் இங்கே ஒன்றையொன்று தீர்மானிப்பதால், முதலில் வரைந்து பிறகு கணக்குப் போடும் வழக்கமான வரிசை உதவாது. வடிவத்தைக் கண்டுபிடிப்பதே முதல் கணக்கு. பளு ஏறினால் வடிவம் மாறும், வடிவம் மாறினால் விசை மாறும் என்று சுற்றிச் சுற்றித் தீர்க்க வேண்டும். துணிக்கூரைக்குப் பெரிய எதிரியும் வேறு. சாதாரணக் கூரையில் சொந்த எடையே காற்றின் தூக்குதலைப் பாதி சமாளித்துவிடும். இங்கே எடையே இல்லை. கூரையை மேலே நிறுத்தி வைப்பதைவிடக் கீழே பிடித்து வைப்பதற்குத்தான் அதிகச் செலவாகும்.

கணினி சொன்னது, கூரை விழுந்தது

பகுப்பாய்வு என்றால் இன்று பெரும்பாலும் ஃபைனைட் எலிமென்ட் முறைதான். கட்டமைப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எளிய விறைப்புச் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் கோத்துக் கணினியில் தீர்ப்பது. இதன் முக்கியமான தொடக்கக் கட்டுரைகளில் ஒன்றான 1956-ஆம் ஆண்டுக் கட்டுரை விமானத்துறையில் பிறந்தது. எழுதிய நால்வரில் ஒருவரான ரே கிளஃப்தான் 1960-ல் இந்தப் பெயரை வைத்தார். மெல்லிய இறக்கைகளைக் கையால் கணக்கிட முடியாமல் போனதுதான் தூண்டுதல்.

கருவி அற்புதமானது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர உள்ளரங்கக் கூரையைப் பார்ப்போம். சுமார் 91 மீட்டருக்கு 110 மீட்டர் பரப்பு, எஃகுக் கம்பிகளைப் பிரமிடுகளாகக் கோத்த முப்பரிமாணச் சட்டகம், கணினியில் பகுத்த வடிவமைப்பு. மேல் வரிசைக் கம்பிகள் அமுக்கத்தில் வேலை செய்பவை. அவை நடுவில் நெளிந்துவிடாமல் பாதி நீளத்தில் ஒரு பிடிப்பு உண்டு என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஓரத்து வரிசைகளில் அந்தப் பிடிப்பு உருப்படியாக அமையவில்லை. நீளம் இரண்டு மடங்கு என்றால் ஆய்லர் கணக்கில் தாங்கும் சுமை கால்வாசி. போதாக்குறைக்கு, நான்கு எல் வடிவக் கோணங்களைக் கூட்டல் குறி வடிவில் சேர்த்துச் செய்த கம்பிகள் அவை. உலோகமெல்லாம் நடுவில் குவிந்திருக்கும் அந்த வடிவம் நெளிவதற்கும் முறுக்குவதற்கும் எதிராகப் பலவீனமானது. குழாய் ஏன் நல்லது என்று முன்பு பார்த்தோமே, அதற்கு நேர் தலைகீழ்.

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த பகுதி. கூரையைத் தரையிலேயே கோத்து மேலே தூக்கினார்கள். தூக்கியபோது அளந்த தொய்வு, கணக்குச் சொன்னதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. கட்டமைப்பு தன் வாயாலேயே 'உங்கள் மாதிரி தப்பு' என்று சொல்லிவிட்டது. கணக்குக்கும் நிஜத்துக்கும் அப்படி வித்தியாசம் வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். 1978 ஜனவரி 18 விடியற்காலை, பனியின் பாரத்தில் கூரை முழுவதும் இறங்கியது. சில மணி நேரம் முன்புதான் அங்கே ஒரு கூடைப்பந்து ஆட்டம் முடிந்து சுமார் 5,000 பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை.

அதில் தப்பு பிடிப்பு எங்கே என்ற அனுமானத்தில். 1991 ஆகஸ்டில் நார்வேயில் மூழ்கிய ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் அடித்தளத்தில் தப்பு மெஷ்ஷில், அதாவது கணினிக்காகத் துண்டுகளாகப் பிரித்த விதத்தில். அது கான்கிரீட், இலகுக் கட்டமைப்பு இல்லை; ஆனால் சுவர்களை முடிந்தவரை மெலிதாக்கிய கட்டமைப்பு. சுவர்கள் சந்திக்கும் இடத்தில் துண்டுகள் தாராளமாகப் பெரிதாக இருந்ததால் ஷியர் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் உள்விசை) 47 விழுக்காடு குறைவாகக் காட்டியது. பிறகு ஒரு எளிய, கவனமான கணக்குப் போட்டதில், 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்ததோ 65 மீட்டரில்.

மெல்லிய கட்டமைப்பைப் பகுக்கும்போது குறைந்தது மூன்று தனித்தனி வேலை இருக்கிறது. சாதாரண நேர்கோட்டுத் தீர்வு தகைவைச் சொல்லும். நெளிதல் பற்றி வாயைத் திறக்காது. அதற்கெனத் தனியாக ஐகன்மதிப்புக் கணக்கு (கச்சிதமான வடிவம் எந்தச் சுமையில் நிலைகுலையும் என்று தேடுவது) போட்டால் ஆய்லர் பாணி விடை வரும், அதாவது டப்பாவுக்கு 270 கிலோ. நிஜத்தை நெருங்க, வடிவத்தில் வேண்டுமென்றே சின்னக் கோணலைப் புகுத்தி, பளுவைப் படிப்படியாக ஏற்றி, மாறும் வடிவத்தோடு சேர்த்துத் தீர்க்க வேண்டும். வண்ணப் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

உச்சபட்ச வடிவம் என்னும் ஆசை

ஆஸ்திரேலியரான ஏ.ஜி.எம். மிச்செல் 1904-லேயே கேட்டுவிட்டார்: இந்தப் புள்ளியில் உள்ள பளுவை அந்தத் தாங்கிக்குக் கடத்த, ஆகக் குறைந்த பொருளில் எப்படிச் சட்டகம் செய்யலாம்? விடையாக வந்தவை இழுவைக் கோடுகளும் அமுக்கக் கோடுகளும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும், இலை நரம்பு போன்ற வளைவுகள். கட்டுவதற்கு லாயக்கில்லாத அளவுக்கு நுணுக்கமானவை. 1988-ல் பெண்ட்சோவும் கிக்குச்சியும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இதைக் கணினியே செய்யத் தொடங்கியது: பொருளால் நிரம்பிய ஒரு பெட்டியில் தொடங்கி, வேலை செய்யாத இடத்தையெல்லாம் கரைத்துக்கொண்டே போகும். எலும்பு போலவும் வேர் போலவும் வரும் அந்த வடிவங்களை இப்போது முப்பரிமாண அச்சில் எடுக்கவும் முடிகிறது.

ஆனால் நீங்கள் கொடுத்த பளுவுக்கு மட்டும்தான் அது உச்சபட்சம். மேலிருந்து வரும் விசைக்குக் கரைத்துச் செய்த தாங்கியைப் பக்கவாட்டில் லேசாக இடித்தால் என்ன ஆகும் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. இன்னொரு ஆபத்து நுட்பமானது. உச்சபட்சமாக்குவது என்றால் எல்லாப் பாகமும், எல்லா வகை உடைவும் ஒரே சுமையில் வரும்படி இழைப்பது. ஒட்டுமொத்தமாக நெளிவதும் உள்ளூரில் நெளிவதும் ஒரே நேரத்தில் வந்தால், அவை ஒன்றுக்கொன்று கைகொடுத்து, கோணல்களுக்கான உணர்திறனை மோசமாக்கும். கடைசி இரண்டு விழுக்காட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, எது முதலில் உடைய வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

இணைப்புகளைப் பற்றியும் இந்த மென்பொருள்கள் அதிகம் பேசுவதில்லை. ஐஸ் குச்சிப் பாலப் போட்டிகளில் குச்சி உடைந்து பாலம் விழுவது அபூர்வம். ஒட்டிய இடம்தான் விடும். விமானத்திலும் அப்படித்தான், ஓட்டைகளிலும் மூலைகளிலும். பிரிட்டனின் ஜெட் பயணிகள் விமானமான கோமெட்டின் தோல் ஒரு மி.மீ.க்கும் குறைவு. 1954-ல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கோமெட்டுகள் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்ததில், அதுவரை பறந்ததையும் சேர்த்து 3,057-ஆவது சுற்றில் உடல் கிழிந்தது. வடிவமைப்புக் காலத்துச் சோதனையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று தாங்கியது எப்படி? அந்தச் சோதனை உடலை முதலில் அளவுக்கு மீறிய அழுத்தத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அதில் மூலைகள் கொஞ்சம் நிரந்தரமாக நீண்டு, அழுத்தம் இறங்கியதும் அமுக்கத்தில் பூட்டிக்கொண்டன. விரிசல் தொடங்காமல் அதுவே காத்தது. முன்ஜாக்கிரதையாகச் செய்த சோதனையே அடுத்த சோதனையை ஏமாற்றிவிட்டது.

எடை குறைந்தால் ஆட்டமும் ஒரு பிரச்சினை. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10-ல் திறந்து இரண்டு நாளில் மூடப்பட்டது. தாழ்வான கம்பிவடங்களில் தொங்கும் மெல்லிய பாலம். மனிதர் நடக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை உடல் பக்கவாட்டில் சாய்கிறது. பாலம் லேசாக ஆடியதும் நடப்பவர்கள் விழாமலிருக்கத் தங்கள் அடியை அதற்கு ஏற்ப மாற்ற, ஆட்டம் வளர்ந்தது. கனமான பாலம் அந்தக் கூட்டத்தைக் கண்டுகொண்டிருக்காது. தணிப்பான்கள் பொருத்தி 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.

இத்தனை விதத்தில் ஏமாறலாம் என்றால் கடைசியில் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் இரண்டு பாணி உண்டு. 1979 ஜூன் 12-ல் மனிதக் கால் பலத்தால் மட்டும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய கோஸமர் அல்பட்ராஸ் விமானத்தின் இறக்கை நீளம் ஏறத்தாழ 30 மீட்டர், காலி எடை 32 கிலோ. அதை வடிவமைத்த பால் மெக்ரெடியும் அவர் குழுவும் முந்தைய கோஸமர் காண்டரிலிருந்தே கடைப்பிடித்த வழி இது: மெலிதாகக் கட்டு, பறக்கவிடு, உடைந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுப் பலப்படுத்து, மறுபடி பற. தரைக்குச் சில மீட்டர் மேலே, சைக்கிள் வேகத்தில் போகும் விமானம் உடைந்தால் பெரிய அடி படாது என்பதால் இது கட்டுப்படியானது.

பயணிகள் விமானத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் இறக்கையைக் கொட்டகைக்குள் வைத்து, பறப்பில் எதிர்பார்க்கும் உச்சப் பளுவின் ஒன்றரை மடங்கு வரை வளைத்துக் காட்ட வேண்டும். 2006 பிப்ரவரியில் ஏர்பஸ் ஏ380-இன் இறக்கை 1.45-க்கும் 1.5-க்கும் இடையில் உடைந்தது. செய்தித்தாள்கள் அதைத் தோல்வி என்று எழுதின. எடையை எவ்வளவு துல்லியமாகச் சுரண்டியிருக்கிறார்கள் என்று நான் வியந்தேன். போயிங் 777-இன் இறக்கையை 1995 ஜனவரியில் இதேபோல் வளைத்தபோது அது 154 விழுக்காட்டில் பெரும் சத்தத்தோடு உடைந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கண்டிப்பான எடைக் கணக்கர் யாராவது கூட்டத்தில் இருந்திருந்தால், அந்த நாலு விழுக்காடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்திருப்பார்.